முடியை மாற்றச் சொல்லாத அலுவலகம்

2010-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்ற ஊர். கட்டாஸ்ட்ரஃபி மேனேஜ்மென்ட் சொல்யூஷன்ஸ் என்ற காப்பீட்டுச் சேவை நிறுவனம், சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணைக் கால் சென்டர் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. நீல நிற சூட் அணிந்து நேர்காணலுக்கு வந்திருந்தார். தலையில் நேர்த்தியாகப் பராமரித்த லாக்ஸ். முடி ஒன்றோடொன்று பின்னிக் கயிறு கயிறாகத் திரளும் சடை. தேர்வான பிறகு, எந்த நாளில் சேர்வது என்று பேசும்போதுதான் மனிதவள மேலாளர் அந்தச் சடையை வெட்டிவிட்டு வரச் சொன்னார். ஜோன்ஸுடையது இப்போது அப்படி இல்லாவிட்டாலும், இந்த மாதிரி முடி நாளடைவில் அலங்கோலமாகிவிடும் என்பது மேலாளர் சொன்ன காரணம். ஜோன்ஸ் மறுத்தார், வேலை போய்விட்டது. வாடிக்கையாளரை நேரில் பார்க்கவே தேவையில்லாத, தொலைபேசியில் பேசும் வேலை அது.

அவருக்காக அமெரிக்கச் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016-இல் பதினோராவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பிறவியோடு வருவதற்கும் மாற்ற முடியாததற்கும்தான் சட்டப் பாதுகாப்பு. சடையை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அதற்குத் தடை போட்டது இனப் பாகுபாடு ஆகாது என்றது தீர்ப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

இந்த வாதம் பழையது. தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் கார்ன்ரோ பின்னலுக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தடை போட்டதை எதிர்த்து ரெனே ராஜர்ஸ் என்ற ஊழியர் தொடுத்த வழக்கும் 1981-இல் நியூயார்க்கில் இப்படியேதான் தோற்றது. ஆனால் 1976-இலேயே இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆஃப்ரோவாக முடியை விட்டிருந்த பெண் ஒருவரின் புகாரை இனப் பாகுபாட்டு வழக்காக ஏற்றிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முடி வளர்ந்தபடியே நின்றால் பாதுகாப்பு உண்டு, அதே முடி ஒடியாமல் இருக்கப் பின்னிவிட்டால் பாதுகாப்பு இல்லை என்று ஆகிறது. தலைமுடியை ஒருநாளாவது பராமரித்த யாருக்கும் இது பொருந்தாத விதி என்று புரியும்.

அமெரிக்காவில் நடப்பது தமிழில் எதற்கு? பிளேனோவிலும் ஃப்ரிமான்டிலும் எடிசனிலும் டீம் நடத்தும் தமிழர்கள் ஏராளம். சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து அமெரிக்க வேலைகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பவர்களும் அப்படித்தான். வீடியோவில் சில நிமிடம் முகம் பார்த்து, 'ப்ரசென்டபிள்' என்ற கட்டத்தில் டிக் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் இன்று பல நேரம் நம் கையில் இருக்கிறது. அயல்நாட்டில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களாகவே நம்மைப் பார்த்துப் பழகிவிட்டதால், அதைச் செய்யக்கூடிய நாற்காலியிலும் நாம் இருக்கிறோம் என்பது சட்டென்று தோன்றுவதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் டீமில் சேரும் கறுப்பினச் சக ஊழியர் தன் தலைமுடியைப் பற்றி விளக்கம் சொல்லவோ அனுமதி கேட்கவோ நேராதபடி முன்கூட்டியே எல்லாவற்றையும் சரிசெய்து வையுங்கள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்ட பிறகு "அதனாலென்ன, தாராளமா" என்று சொல்வது நல்ல மனசுதான். ஆனால் அதற்குள் அவர் எத்தனை இரவு யோசித்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது.

முடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மயிர்க்காலே வளைந்திருப்பதால் கறுப்பினத்தவர் பலரின் முடி இறுக்கமான சுருள்களாக வளர்கிறது. குறுக்குவெட்டில் வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் இத்தனை வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. ஆகவே முடி சீக்கிரம் காயும், வளைவுகளில் ஒடியும். தினமும் அலசினால் இன்னும் கெடும். வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ அலசி, பகுதி பகுதியாகச் சிக்கெடுத்து, எண்ணெயோ ஷியா வெண்ணெயோ தடவி, பின்னியோ முறுக்கியோ வைப்பார்கள். பலருக்கு இதற்கே அரை நாள் போய்விடும். தலை முழுக்க மெல்லிய பின்னல்களாகப் போடும் பாக்ஸ் பிரெய்டுக்கு நான்கு மணி முதல் எட்டு மணி நேரம்வரைகூட ஆகும். போட்டுவிட்டால் சில வாரங்கள் நிற்கும். கார்ன்ரோ, ட்விஸ்ட், லாக்ஸ், பான்டு முடிச்சு எல்லாமே அழகோடு சேர்த்து முடியை ஒடியாமல் காக்கும் வேலையையும் செய்கின்றன. அம்மாவும் பாட்டியும் முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்துப் பின்னிப் பின்னிக் கைமாற்றிய கலை இது.

இதற்கு மாற்றாக 'ஆபீசுக்கு ஏற்ற' நேரான முடியைப் பெற என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மேலாளர்கள் அறிந்திருக்க வேண்டும். ரிலாக்ஸர் என்ற முடி நேராக்கும் களிம்புகள் பலவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. தலைத்தோலைப் புண்ணாக்கக்கூடிய காரம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் ரசாயனங்களைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்துவோரில் 4.05 சதவீதம் என்றும் அவர்கள் கணித்தார்கள். களிம்புதான் நோயைத் தந்தது என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஒரு வேலைக்காக ஒரு பெண்ணை அந்தப் பக்கம் தள்ளும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் கிடையாது என்று சொல்ல எனக்கு இது போதும்.

வரலாறும் நீளமானது. லூசியானாவை ஸ்பெயின் ஆண்ட காலத்தில், 1786-இல், ஆளுநர் எஸ்தேபன் மீரோ கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அடிமையாக இல்லாத பெண்களைக் குறிவைத்த ஆணை அது. யாருடைய முடி பொது இடத்தில் தெரியலாம் என்ற கேள்வி நேற்று மனிதவளத் துறையில் முளைத்ததல்ல.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பழனியிலும் திருப்பதியிலும் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், தரம் பிரிக்கப்பட்டு, விக்காகவும் வீவாகவும் கடல் கடந்து கறுப்பினப் பெண்களின் தலைக்குப் போய்ச் சேர்கிறது. நடிகர் கிறிஸ் ராக் 2009-இல் கொண்டுவந்த 'குட் ஹேர்' ஆவணப்படம் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இந்தியாவரை வந்தது. விக் வைப்பதும் முடியை நேராக்குவதும் அவரவர் விருப்பம், அதற்கும் யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். சொந்த முடியோடு போனால் வேலை கிடைக்காது என்ற பயம்தான் ஒழிய வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

ஜோன்ஸ் வழக்கு விட்ட ஓட்டையை அடைக்க வந்தது கிரௌன் சட்டம். கலிபோர்னியாவில் ஹாலி மிட்செல் என்ற செனட்டர் கொண்டுவந்து, 2019 ஜூலை 3 அன்று கையெழுத்தாகி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இனத்தோடு பிணைந்த முடியின் தன்மையையும் பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் போன்ற பாதுகாப்பு அமைப்புகளையும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது இனப் பாகுபாடே என்று அது சொல்கிறது. 2019-லேயே நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் தொடர்ந்தன. டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் மாநிலங்களைப் பாருங்கள்: கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சாஸ் மூன்றுமே பட்டியலில் இருக்கின்றன. நாடு முழுவதற்குமான சட்டம் 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை.

சட்டத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். டெக்சாஸின் பார்பர்ஸ் ஹில் பள்ளி மாவட்டத்தில் லாக்ஸ் வைத்த ஒரு மாணவரை, முடி நீளமாக இருக்கிறது என்று சொல்லி மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தார்கள். சட்டம் அமைப்பைத்தான் காக்கிறது, நீளத்தைப் பற்றிப் பேசவில்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார். பல ஆண்டு வளர்த்தால்தான் லாக்ஸ்; அதை வெட்டச் சொல்வதும் வைக்காதே என்று சொல்வதும் வேறு வேறா? ஆகவே உங்கள் நிறுவன விதி சட்டத்தைவிட ஒரு படி மேலேயே நிற்கட்டும். டீம் நான்கைந்து மாநிலங்களில் சிதறி வேலை செய்கிறது என்றால், அதிகப் பாதுகாப்பு தரும் மாநிலத்தை அளவாக வைத்து எல்லோருக்கும் ஒரே விதியாக எழுதுங்கள்.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் அடிப்படையில், முடியை வைத்துக் காட்டும் பாகுபாட்டைத் தடுக்கப் பள்ளிகளுக்கான வழிகாட்டுதலை 2022-இல் சமத்துவ ஆணையம் வெளியிட்டது. பிரான்சில் பின்னல் போட்ட ஏர் பிரான்ஸ் ஆண் பணியாளர் ஒருவர் அதே ஆண்டு உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் வென்றார். பெண் பணியாளர்களுக்கு அனுமதித்த பின்னலை ஆணுக்கு மறுத்தது தவறு என்பதுதான் அங்கே தீர்ப்பின் அடிப்படை, இனம் அல்ல.

விதிப்புத்தகத்தில் பெயரடைகளைத் தேடுங்கள்

உலகிலேயே தோற்ற விதிகள் கடுமையாக உள்ள இடங்களில் ஒன்று அமெரிக்க ராணுவம். 2014 மார்ச்சில் அது வெளியிட்ட விதிப்புத்தகம் ட்விஸ்ட், லாக்ஸ், தடிமனான பின்னல்கள் ஆகியவற்றுக்குத் தடை போட்டது. சிக்குப்பிடித்த, பராமரிக்காத என்ற பொருள்படும் சொற்களையும் அதில் போட்டிருந்தார்கள். ராணுவத்தில் இருந்த கறுப்பினப் பெண்கள் கொதித்தார்கள், நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினார்கள். பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சொற்கள் நீங்கின, ட்விஸ்டுக்கும் பின்னல்களுக்கும் இடம் கிடைத்தது. 2017-இல் பெண் வீரர்களுக்கு லாக்ஸும் அனுமதியானது. தலைக்கவசம் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை. அது நியாயமான நிபந்தனை. உயிர் காக்கும் விஷயம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய முறை எளிது. உங்கள் நிறுவனக் கையேட்டைத் திறந்து 'நேர்த்தியான', 'இயல்பான', 'மிதமான', 'கண்ணியமான', 'கண்ணை உறுத்தாத' என்பதுபோன்ற சொற்கள் முடிக்கு அருகில் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாருடைய முடியை மனதில் வைத்து இது எழுதப்பட்டது என்று கேளுங்கள். இப்படிப்பட்ட சொல்லை அளக்க முடியாது. அளக்க முடியாத விதியை அமல்படுத்துவது அந்தந்த மேலாளரின் கண்ணும் வளர்ப்பும்தான்.

அந்த வரியை நீக்கிவிட்டு, கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்: "எந்த முடி அமைப்பும் நீளமும் தன்மையும் ஏற்புடையவை. ஆஃப்ரோ, பின்னல், கார்ன்ரோ, லாக்ஸ், ட்விஸ்ட், முடிச்சு, தலைத்துணி ஆகியவை இதில் அடங்கும். இயந்திரம், உணவு, நோய்த்தொற்று ஆகிய பாதுகாப்புக் காரணங்களுக்காக முடியைக் கட்டவோ மூடவோ வேண்டிய இடங்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. அதற்கு வேண்டிய பொருளை நிறுவனமே தரும்." பெயர்களைப் பட்டியலிடுவது முக்கியம். 'எல்லோரையும் வரவேற்கிறோம்' என்று பொதுவாக எழுதினால், புதிதாகச் சேர்ந்தவர் தன் முடி அந்த 'எல்லோரில்' வருமா என்று யோசித்துக்கொண்டே இருப்பார். பெயர் பார்த்தால் யோசனை நின்றுவிடும்.

நேர்காணலில்தான் பாதி முடிந்துபோகிறது

டியூக் பல்கலைக்கழகத்தின் ஆஷ்லி ஷெல்பி ரொசெட்டும் ஆய்வாளர் கிறிஸ்டி சோவ் கோவலும் 2020-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். விண்ணப்பதாரர்களின் விவரங்களையும் படங்களையும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். இயற்கை முடியோடு இருந்த கறுப்பினப் பெண்களுக்கு, நேராக்கிய முடியோடு இருந்த கறுப்பினப் பெண்களைவிடவும் வெள்ளையினப் பெண்களைவிடவும் குறைவான மதிப்பெண் கிடைத்தது. நேர்காணலுக்கு அழைக்கும் பரிந்துரையும் குறைந்தது. வெள்ளையினப் பெண்களின் முடி சுருளா நேரா என்பது இந்த அளவுக்குப் பொருட்டாகவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: கன்சல்டிங் வேலைக்கு இந்தச் சாய்வு தெரிந்தது, விளம்பரத் துறை வேலைக்குத் தெரியவில்லை. 'எங்கள் துறை சம்பிரதாயமானது' என்ற சாக்குதான் சாய்வு ஒளிந்துகொள்ளும் இடம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

டவ் நிறுவனமும் லிங்க்ட்இன்னும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நேர்காணலுக்காக முடியை மாற்றிக்கொள்கிறார்கள். மற்ற வேட்பாளர் கேள்விகளுக்குத் தயாராகும் நேரத்தில், இவர் இதற்குப் பணமும் நேரமும் செலவழிக்கிறார்.

ஆள் எடுப்பவர்கள் செய்ய வேண்டியது: வேலைக்கு என்ன திறமை வேண்டும் என்பதை நேர்காணலுக்கு முன்பே நான்கைந்து வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். படிவத்தில் 'தோற்றம்', 'நம் கலாசாரத்துக்குப் பொருந்துவாரா' என்ற கட்டங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். பொருந்துவாரா என்ற கேள்விக்கு நாம் பெரும்பாலும் நம்மைப் போல இருக்கிறாரா என்றுதான் பதில் எழுதுகிறோம். யாராவது "ஆள் நல்லாத்தான் பேசினாங்க, ஆனா கிளையன்ட் முன்னாடி கொஞ்சம்..." என்று இழுத்தால், அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். கிளையன்ட் முன்னால் என்ன? எந்தத் திறமை குறைந்தது? பதில் எழுத்தில் வரட்டும். எழுதச் சொன்னவுடன் பல ஆட்சேபணைகள் காணாமல் போய்விடும்.

ரெக்ரூட்டராக இருந்தால், வேட்பாளருக்கு 'முடியைக் கொஞ்சம் சரிபண்ணிக்கிட்டு வாங்க' என்று டிப்ஸ் சொல்லவே சொல்லாதீர்கள். உதவி என்று நினைத்துச் சொன்னாலும், சட்டம் உள்ள மாநிலத்தில் அது பாகுபாட்டுக்கான சாட்சியமாகலாம். நேர்காணலில் "முடி ரொம்ப அழகா இருக்கு" என்று பாராட்டவும் வேண்டாம். அவர் செய்த புராஜெக்ட்டைப் பாராட்டுங்கள்.

தலைக்கவசம், வலை, தாடி

பாதுகாப்பு என்ற காரணம் உண்மையானால் அதற்குத் தீர்வும் பெரும்பாலும் இருக்கும். கட்டட வேலைத் தலத்தில் தலையில் பொருள் விழும் ஆபத்து இருந்தால் கவசம் கட்டாயம்தான். பின்னலை உச்சியில் கொண்டை போடாமல் பிடரியில் தாழக் கட்டினால் கவசம் ஒழுங்காக உட்காரும். பின்னால் திருகி அளவு மாற்றக்கூடிய, தாடைப்பட்டி உள்ள கவசங்களைப் பெரிய அளவுகளிலும் வாங்கி வையுங்கள். சமையல்கூடத்துக்கும் அறுவைச் சிகிச்சை அறைக்கும் வேண்டிய தலைவலைகளும் தொப்பிகளும் அப்படித்தான்; ஒரே அளவில் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு, 'உள்ளே அடங்கலையே' என்று ஊழியரைக் குறை சொல்வது முறையல்ல. கால் சென்டரில் தலைக்கு மேலே வளையும் ஹெட்செட் அடர்ந்த முடியை அழுத்தும், நழுவும். கழுத்துக்குப் பின்னால் போகும் வகையும் கடையில் கிடைக்கிறது. சேரும் நாளுக்கு முன்பே இரண்டு வகையும் மேசையில் இருக்கட்டும்.

ஆண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இறுக்கமாகச் சுருளும் தாடி முடியை மழித்தால், வெட்டிய நுனி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பக் குத்திக் கொப்புளமாகும். கறுப்பின ஆண்களில் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. மழிக்காமல் விடுவதுதான் உறுதியான நிவாரணம். டோமினோஸ் பீட்சா கடைகளை நடத்திய ஒரு நிறுவனத்தின் 'தாடி கூடாது' விதி கறுப்பின ஆண்களையே அதிகம் வெளியேற்றுகிறது, அதற்குத் தொழில் காரணமும் இல்லை என்று 1993-இல் எட்டாவது சர்க்யூட் நீதிமன்றம் சொன்னது. முகத்தோடு இறுக்கமாக ஒட்ட வேண்டிய சுவாசக் கவசத்தின் விளிம்பில் தாடி வரக்கூடாது என்பது மட்டும் உண்மையான தடை. அங்கேயும் பல வேலைகளுக்கு, மோட்டாரில் காற்று தள்ளும் தளர்வான முகமூடி மாற்றாக இருக்கிறது. சீக்கிய ஊழியருக்கும் அது உதவும்.

நாக்கும் கையும்

நம் வீட்டிலும் ஆபீசிலும் தோற்றத்தைப் பற்றிப் பேசுவது பாசத்தின் அடையாளம். "என்ன, முடி இவ்வளவு கொட்டிருச்சு?" "ஏன் இப்படி வெட்டிட்ட, நல்லாவே இல்ல." மறுபக்கமும் நமக்குத் தெரியும்: எண்ணெய் வாசம் போக அலசிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும் நம் பெண்கள், பூ வைப்பதை விமான நிலையத்தோடு விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்! அந்த அனுபவம் உள்ளவர்களாவது இன்னொருவரின் தலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் முன் ஒரு நிமிடம் நிற்க முடியும்.

"இது ஒரிஜினலா?" "எப்படிக் குளிப்பீங்க?" "தொட்டுப் பார்க்கலாமா?" இந்த மூன்றையும் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது முதல் தடவை; பதில் சொல்பவருக்கு எண்ணிக்கை இல்லை. அனுமதி கேட்டுவிட்டுத் தொடுவதும் வேண்டாம், மேலாளர் கேட்டால் மறுப்பது எளிதல்ல. அடிமைச் சந்தையில் உடலைத் தடவிப் பார்த்து விலை பேசிய வரலாறு உள்ள நாடு அமெரிக்கா. அந்தக் கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது நமக்குத் தெரியாமல் போகலாம், அவருக்குத் தெரியும்.

போன வாரம் ஆஃப்ரோ, இந்த வாரம் பின்னல் என்று மாறி வரும்போது, "அடையாளமே தெரியல!" என்று கூவாதீர்கள். காலை வணக்கம் சொல்லிவிட்டு வேலையைப் பேசுங்கள். அவரே பேச்செடுத்தால் மகிழ்ச்சியாகக் கேளுங்கள். வேறொருவர் கையை நீட்டுவதைப் பார்த்தால் அந்த நிமிடமே, "வேண்டாம், கையை எடுங்க" என்று சொல்லுங்கள். பிறகு தனியாகப் போய் "நான் பார்த்தேன், வருத்தமா இருந்தது" என்று அவரிடம் ஆறுதல் சொல்வதைவிட இது நூறு மடங்கு பயன்படும்.

முடி தொடர்பான பயிற்சி வகுப்பு நடத்தும் பொறுப்பை டீமில் இருக்கும் ஒரே கறுப்பினப் பெண்ணின் தலையில் கட்டுவதும் கூடாது. அவர் விரும்பி முன்வந்தால், அந்த மணி நேரங்களை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்து, ஆண்டு மதிப்பீட்டிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆளை அழைத்துப் பணம் கொடுங்கள்.

நாட்காட்டி பார்க்கும் வேலைகள்

நிறுவன இணையதளத்துக்குப் புகைப்படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே தேதி சொல்லுங்கள். "நாளைக்கு போட்டோ" என்றால் பின்னல் பிரித்த நிலையில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். கறுப்பு முடியின் அடர்த்தியும் தோலின் நிறமும் சரியாகத் தெரியும்படி விளக்கு வைக்கத் தெரிந்த புகைப்படக்காரரைக் கூப்பிடுங்கள். அடையாள அட்டைப் படத்துக்கும் இன்றைய தலைக்கும் வேறுபாடு இருப்பதைக் காவலாளிகள் பிரச்சினையாக்காதபடி முன்பே சொல்லி வையுங்கள். டீம் சுற்றுலாவில் நீச்சல் குளமோ அருவியோ இருந்தால் கலந்துகொள்வதைக் கட்டாயமாக்க வேண்டாம். அடர்ந்த முடிக்கான பெரிய நீச்சல் தொப்பிக்கு உலக நீச்சல் கூட்டமைப்பே 2021-இல் போட்டிகளில் அனுமதி மறுத்து, கண்டனம் எழுந்த பின் 2022-இல்தான் ஒப்புக்கொண்டது. விதி எழுதியவர்களின் கண்ணில் அந்தத் தலை அதுவரை படவே இல்லை.

அடையாளம் முடியோடு முடிவதில்லை. தலைப்பாகை, ஹிஜாப், நெற்றிப் பொட்டு, உச்சரிக்கச் சிரமம் என்று மற்றவர்கள் சுருக்கிவிடும் பெயர் எல்லாம் இதே கேள்விதான். ஹிஜாப் அணிந்து நேர்காணலுக்கு வந்த இளம்பெண்ணை, கடையின் 'தோற்றக் கொள்கை'க்குப் பொருந்தாது என்று ஒதுக்கிய அபர்குரோம்பி வழக்கில் 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. அவர் வாய் திறந்து சலுகை கேட்கவில்லையே என்ற நிறுவனத்தின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

கிளையன்ட் புகார் சொன்னால்

பல நல்ல மேலாளர்களும் சறுக்கும் இடம் இதுதான். கிளையன்ட் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்து, "உங்கள் டீம் லீட் நன்றாகச் செய்கிறார், ஆனால் எங்கள் இயக்குநர்கள் முன்னால் கொஞ்சம் ப்ரொஃபஷனலாக வரச் சொல்ல முடியுமா?" என்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். உடனே ஓடிப்போய் அவரிடம் 'நைசாக' சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். அந்த ஆட்சேபணையைக் கிளையன்டிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தால், அது உங்கள் ஆட்சேபணை ஆகிவிடுகிறது.

வாடிக்கையாளர் விருப்பம் என்ற சாக்கை அமெரிக்க நீதிமன்றங்கள் 50 ஆண்டுக்கு முன்பே நிராகரித்துவிட்டன. பயணிகளுக்குப் பெண் பணியாளர்களைத்தான் பிடிக்கிறது என்று சொல்லி ஆண்களை விமானப் பணிக்கு எடுக்க மறுத்த பான் ஆம் நிறுவனம் 1971-இல் தோற்றது அந்த அடிப்படையில்தான்.

முதலில் கிளையன்டிடம் அதே தொலைபேசி அழைப்பில் கேளுங்கள்: "வேலையில் என்ன குறை? குறிப்பாகச் சொன்னால் சரிசெய்கிறேன்." உடையில் உண்மையாகவே ஏதாவது விதிமீறல் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். முடிதான் விஷயம் என்று தெரிந்தால், மெயிலில் இப்படி எழுதுங்கள்: "உங்கள் கருத்தைப் பார்த்தோம். எங்கள் தோற்ற விதியின்படி எல்லா முடி அமைப்புகளும் ஏற்புடையவை. அவர் எங்கள் விதியை முழுமையாகப் பின்பற்றுகிறார். இந்தக் கணக்கை அவரே தொடர்ந்து வழிநடத்துவார். பணித் தரம் பற்றிய கருத்துகளை எப்போது வேண்டுமானாலும் என்னிடம் தெரிவியுங்கள்." மன்னிப்புக் கேட்கும் வரி எதையும் சேர்க்க வேண்டாம்.

மெயிலை அனுப்பும் முன் உங்கள் மேலதிகாரியிடமும் மனிதவளத் துறையிடமும் சொல்லிவிடுங்கள்; ஒப்பந்தத்தை இழக்கும் பயத்தில் யாராவது பின்வாசல் வழியாக அவரை வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றிவிடாமல் இருக்க அது உதவும். அழைப்பு வந்த தேதி, பேசியவர், சொன்னது எல்லாவற்றையும் அன்றே எழுதிக் கோப்பில் வையுங்கள். புகார் வந்ததை அவரிடம் சொல்வதா என்று கேட்டால், சொல்லிவிடுங்கள் என்பேன்: என்ன வந்தது, நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்பதை ஒன்றாகவே சொல்லுங்கள், பதில் அனுப்பிய பிறகு. அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கான அழைப்பில் விளக்கமளிப்பவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருக்கட்டும்.